தினமும் ஒரு மணி நேரப் பேச்சு: சமுதாய வானொலியில் ஊர் நடப்பு, உடல்நலம், அறிவியல் மூன்றையும் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியோ தொண்டு நிறுவனமோ தன் சுற்றுவட்டாரத்துக்காக நடத்தும் சிறிய வானொலிதான் சமுதாய வானொலி. அதில் தினசரிப் பேச்சு நிகழ்ச்சி தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்கலாம் என்றுதான். மைக் பற்றியும் சொல்கிறேன், கொஞ்சம் பின்னால். நிகழ்ச்சி நிலைக்குமா நிலைக்காதா என்பது வேறொரு விஷயத்தில் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் ஊர்க்காரர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பொருளைப் பிடித்து, அந்த ஒரு மணி நேரமும் அதையே விடாமல் பேச வேண்டும். ஊரில் என்ன நடக்கிறது, அது என் உடம்பையும் மனதையும் என்ன செய்யும், ஏன் அப்படி ஆகிறது என்ற மூன்று கேள்விக்கும் அந்த ஒரு பொருளுக்குள்ளேயே பதில் தேட வேண்டும். முதலில் பத்திரிகைத் துணுக்குகள், அப்புறம் மருத்துவக் குறிப்பு, கடைசியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு அறிவியல் அதிசயம் என்று அடுக்கும் நிகழ்ச்சிகளை நிறையக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை பொருள் மாறும்போதும் கேட்பவர் கையை ரேடியோவுக்குக் கொண்டுபோகிறார்.

கீழே சொல்வதற்கெல்லாம் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: மே மாத வெயில், தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்கள் இருக்கும் ஒரு பகுதி, அங்கே கேட்கும் ஒரு சிறிய வானொலி.

முதல் படி: எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நிமிடம்கூட ஒலிபரப்ப வேண்டாம். இந்தியாவில் 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி திறந்துவிடப்பட்டது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்றானது. 100 வாட் வீச்சுத் திறன், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம் என்பதால் சத்தம் சுற்றுவட்டார ஊர்களோடு நின்றுவிடும். அதுதான் இதன் பலமும்கூட, நீங்கள் பேசுவது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியும் அரசியல் நடப்பும் ஒலிபரப்பக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியேயோ உள்ளூர் மொழிக்கு மாற்றியோ மறுஒலிபரப்பலாம், அதன் பொருளில் நீங்கள் கைவைக்க முடியாது. 1995-இலேயே உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று சொல்லிவிட்ட நாட்டில் இந்தத் தடை இன்னும் தொடர்வது சரியில்லை என்பது என் கருத்து. ஆனாலும் விதி விதிதான், மீறினால் போவது ஊரின் வானொலி.

அப்படியானால் ஊர் நடப்பைப் பேசவே முடியாதா? முடியும். வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்சாரம், இயற்கைப் பேரிடர், நோய் எச்சரிக்கை இவையெல்லாம் செய்தி என்ற கணக்கில் வராது. ஒரு சாதாரண ஊர்க்காரரின் அன்றாடக் கவலைகளைப் பட்டியல் போட்டால் முக்கால்வாசி இதற்குள்ளேயே இருக்கும். 2016-இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே நடக்கிறது. கடலுக்குப் போகிறவருக்கு இன்றைக்குக் காற்று எப்படி என்பதைவிடப் பெரிய நடப்பு எது?

இரண்டாம் படி: நேரமும் ஆளும்

எந்த நேரம் என்பதை உங்கள் வசதிப்படி முடிவு செய்யாதீர்கள். பீடி சுற்றுகிறவர், தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று கை வேலையில் இருந்தாலும் காது சும்மா இருப்பவர்கள்தான் வானொலியின் ஆட்கள். அவர்களிடம் போய் எப்போது ரேடியோ போடுவீர்கள் என்று கேளுங்கள். உப்பளத் தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே, டார்ச் வெளிச்சத்தில் வேலைக்கு இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அவர்களுக்குக் காலை 8 மணி நிகழ்ச்சி உதவாது. வீடு திரும்பி, சாப்பிட்டு, சற்றுப் படுக்கும் பிற்பகல்தான் சரி.

ஆட்கள் மூன்று பேர் வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் ஒலி மிக்ஸரும் போனும் பார்க்க, ஒருவர் மறுநாளுக்கான தகவல் திரட்ட. ஒரே ஆள் மூன்றையும் செய்தால் ஒரு மாதம் ஓடும், அப்புறம் படுத்துவிடும். முறை மாற்றிச் செய்தால் எல்லோருக்கும் எல்லா வேலையும் பழகும்.

மூன்றாம் படி: முந்தைய நாளே பொருளைப் பிடிப்பது

மறுநாள் பொருள் எங்கிருந்து வரும்? நேயர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகளிலிருந்து. ஒரு எண்ணைக் கொடுத்து, கேள்வியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள், கருத்து வேண்டாம். கருத்து கேட்டால் எல்லோரும் மேடையேறி விடுவார்கள். கேள்வி கேட்கச் சொன்னால்தான் ஊரின் கவலை வெளியே வரும். "ராத்திரி பத்து மணிக்கும் புழுக்கம் அடங்க மாட்டேங்குதே, ஏன்?" என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டிருந்தால் நாளைய நிகழ்ச்சி கிடைத்துவிட்டது.

அன்று மாலையே மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டும். வானிலைக்கு இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, வெளியில் சுற்றும் படங்கள் எதுவும் வேண்டாம். உடல்நலத்துக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அல்லது செவிலியர். அறிவியலுக்கு அருகிலுள்ள கல்லூரியின் இயற்பியல் ஆசிரியரோ, மாவட்டம்தோறும் ஆட்கள் உள்ள தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர் ஒருவரோ போதும். ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசினால் போதும், ஆனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "நான் புரிந்துகொண்டது சரியா சார்?" என்று உறுதி செய்யாமல் போனை வைக்காதீர்கள்.

நான்காம் படி: ஊர் நடப்புப் பகுதி, சுமார் 15 நிமிடம்

நாளை வெயில் அதிகம் என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். வெப்ப அலை என்ற சொல்லுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், கடற்கரை ஊர்களில் 37 டிகிரி தொட்டு, அதோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வானிலை மையம் அப்படி அறிவிக்கும். இதைச் சொன்னால், தூத்துக்குடியில் 38 டிகிரி ஏன் கவலைக்குரியது, வேலூரில் அதே 38 ஏன் சாதாரணம் என்று கேட்பவருக்கே பிடிபடும்.

அடுத்தது, இதனால் என்ன கிடைக்கும், யாரைக் கேட்பது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இது எத்தனை உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும்? எந்த அலுவலகத்தில், என்ன காகிதத்தோடு போய்க் கேட்க வேண்டும் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, அப்படியே படிப்படியாக ஒலிபரப்புங்கள். அறிவிப்புகளை வாசிக்கும் வானொலி எங்கும் உண்டு. வாசலும் மேஜையும் சொல்லும் வானொலிதான் அரிது.

ஐந்தாம் படி: உடலும் மனதும்

இதில்தான் எனக்கு மிகுந்த கவனம் வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் காதில் விழுந்த ஒரு தவறான வைத்தியம் மறுநாளே ஒரு வீட்டில் செய்து பார்க்கப்படும்.

உப்புச் சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்வோம். "ஓ.ஆர்.எஸ். குடிங்க" என்றால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரு பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் போட்டுக் குடிக்கக் கூடாது, கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பிரிக்கும் சத்தம் மைக்கில் கேட்கட்டும். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அப்புறம் ஆபத்துக் குறி: வெயிலில் வேலை செய்தவர் குழறிப் பேசினால், ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால், உடம்பு கொதித்தால் அது வெப்ப வாதம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த ஒரு பத்தியை நிகழ்ச்சியில் இரண்டு தடவை சொல்லுங்கள். நடுவில் ரேடியோ போட்டவருக்கும் சேர வேண்டும்.

விளம்பரதாரர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சமுதாய வானொலி மணிக்கு 7 நிமிடம் விளம்பரம் போடலாம் என்றிருந்தது, 2024-இல் 12 நிமிடமாக்கினார்கள். காசு தேவைதான். ஆனாலும் சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும் சூரணம், மூன்றே நாளில் மூட்டுவலி போக்கும் தைலம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய வைத்தியச் சட்டம் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்கத்தான் வந்தது. பேட்டி என்ற பெயரில் வந்து கடைசியில் போன் நம்பர் சொல்லும் வைத்தியர்களையும் இதே கணக்கில் சேருங்கள்.

மனநலத்துக்கு வேறொரு நாளை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்: பிளஸ் டூ முடிவு வரும் நாள். தேர்வு முடிவு நீங்கள் தாராளமாகப் பேசக்கூடிய பொருள். மதிப்பெண், தரவரிசை, முதலிடம் பிடித்தவர் பேட்டி எல்லாவற்றையும் மற்ற எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் தேர்ச்சி பெறாத பிள்ளையின் வீட்டை நினைத்துப் பேசுங்கள். துணைத் தேர்வு எப்போது, பள்ளியில் யாரிடம் விண்ணப்பம் வாங்க வேண்டும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கைக்கு என்ன தகுதி என்று அடுத்த மாதத்தில் செய்யக்கூடிய வேலைகளைச் சொல்லுங்கள். 104 மாநில சுகாதார உதவி எண். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 முதல் நாடு முழுக்கக் கட்டணமில்லாமல் நடக்கிறது, தமிழிலேயே பேசலாம். எண்களை ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக, இரண்டு முறை.

தற்கொலை பற்றிப் பேச நேர்ந்தால் எப்படி நடந்தது, எங்கே நடந்தது என்ற விவரத்துக்குள் போகவே வேண்டாம். "மதிப்பெண் குறைந்ததால்" என்று ஒரே காரணத்தில் முடிச்சுப் போடவும் வேண்டாம். அதே மதிப்பெண் வாங்கிய இன்னொரு பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அழைப்பில் வந்தவர் உடைந்து அழுதால் உடனே பாட்டைப் போட்டு, நேரலையிலிருந்து அவரை எடுத்து, போன் பார்ப்பவர் இணைப்பிலேயே இருந்து பேச வேண்டும். இதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்திருங்கள்.

ஆறாம் படி: அறிவியல், பத்து நிமிடம்

நேயர் கேட்ட கேள்விக்கு வருவோம், ராத்திரியிலும் ஏன் புழுக்கம்? நாலு வாக்கியத்தில் இப்படிப் போகலாம். வியர்வை வழிந்து ஓடினால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் அதே காரணத்தால்தான், பானையின் மேல் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகும். கடற்கரைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வைக்கு ஆவியாக இடமில்லை, அதனால்தான் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடம்பு அவிகிறது.

இங்கே நிறுத்தலாம், ஆனால் நிறுத்தாதீர்கள். இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்வதுதான் அறிவியல் பகுதியின் உயிர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தாண்டினால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமானவராலும் நீண்ட நேரம் தாங்க முடியாது என்று 2010-இல் ஒரு கோட்பாட்டு ஆய்வு சொன்னது. 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, ஈரப்பதம் மிகுந்த நிலையில் 31-ஐ ஒட்டியே உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறியது. கணக்கு ஒன்று சொன்னது, உடம்பு வேறொன்று சொன்னது. இந்தக் கதையைக் கேட்ட நேயர் அடுத்த முறை ஒரு ஃபார்வேர்ட் வந்தால் "இதை யார், எப்படிச் சோதித்தார்கள்?" என்று கேட்பார். எனக்கு இந்தப் பத்து நிமிடத்தின் நோக்கமே அதுதான்.

ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று எண்ணுக்கு மேல் வேண்டாம். காதுக்குத் திரும்பிப் படிக்க வழியில்லை.

ஏழாம் படி: அழைப்பு எடுப்பது

சிறிய நிலையங்களுக்கு நான் சொல்வது, முதல் சில மாதம் அழைப்புகளை ஒரு மணி நேரம் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். கெட்ட வார்த்தை, கட்சிப் பேச்சு, அடுத்த வீட்டுக்காரர் மேல் புகார் எதுவும் காற்றில் போகாது. நேரலைக்கு வந்தபின், அழைப்பவரிடம் முதலில் ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி காதைக் கிழிக்கும்.

இப்படி ஓர் அழைப்பு வருகிறது என்று வையுங்கள்.

"வணக்கம் அக்கா, எங்கேயிருந்து பேசுறீங்க?"

"முள்ளக்காட்டுலேர்ந்து பேசுதேன் தம்பி. உப்பளத்துல வேலை."

"வெயில் கடுமையா இருக்கே, தண்ணி போதுமான அளவு குடிக்கிறீங்களா அக்கா?"

"எங்க குடிக்க? குடிச்சா ஒதுங்க இடம் வேணும்லா. பொட்டக்காடு, ஒரு மறைவு கிடையாது. அதனால வீட்டுக்கு வந்துதான் குடிக்கது."

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அந்த அக்காவிடம் மறுபடி சொன்னால், நிகழ்ச்சி அந்த இடத்திலேயே செத்துப்போகும். அவர் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லுங்கள்: தண்ணீர் இருக்கிறது, கழிப்பறை இல்லை, அதனால் குடிக்கவில்லை. இரண்டு விநாடி விட்டு, "எத்தனை பேர் அக்கா இப்படி இருக்கீங்க? சிறுநீர்க் கடுப்பு, எரிச்சல் வருதா?" என்று கேளுங்கள். வெப்பம், உடல்நலம், வேலையிடம் மூன்றும் ஒரே கயிற்றில் வந்து சேர்ந்துவிட்டன. அதற்கு அடுத்த நாளின் பொருள் உப்பளத்துக் கழிப்பறை, விருந்தினர்களாகத் தொழிலாளர் துறை அலுவலர் ஒருவரும் ஒரு பெண் மருத்துவரும். அழைத்தவர் பெயரையும் வேலை செய்யும் அளத்தின் பெயரையும் ஒலிபரப்ப வேண்டாம், அவர் நாளைக்கும் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும்.

எட்டாம் படி: எழுத்து, குரல், அறை

பேசப்போவதை எழுதுங்கள், ஆனால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். "நேயர்களே" என்று கூட்டத்தைக் கூப்பிடுவதைவிட "நீங்க" என்று ஒருவரைப் பார்த்துப் பேசுவது நல்லது. சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் சில நிமிடங்களே பேசுவார், அவசரமே இருக்காது, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும். தகவலைக் கடைசி வரியில் மெதுவாக இறக்குவார். அவருடைய குரலைப் போலச் செய்ய வேண்டாம், அந்த நிதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, மைக். ஒலித்தடுப்பு செய்யாத அறைக்கு டைனமிக் மைக் போதும், அது சுற்றுப்புறச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காது. வாயிலிருந்து நான்கைந்து அங்குலம் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், "ப" சொல்லும்போது காற்று போய் அடிக்காது. சுவரில் இலவம்பஞ்சு மெத்தையையோ கனமான போர்வையையோ தொங்கவிட்டால் எதிரொலி பெருமளவு அடங்கும். ஃபேனை அணைத்தே ஆக வேண்டும், மே மாதத்திலும்கூட. அதனால் பேச்சுப் பகுதியைப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாமல் நடுவில் பாட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேசுகிறவர் எழுந்து காற்று வாங்கலாம்.

ஒன்பதாம் படி: நிகழ்ச்சி முடிந்த பிறகு

தவறாக ஏதாவது சொல்லிவிட்டால் மறுநாள் அதே நேரத்தில், நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே திருத்துங்கள். "நேற்று ஓ.ஆர்.எஸ். அளவைத் தவறாகச் சொல்லிவிட்டோம், சரியான அளவு இது" என்று நேராக, சுற்றி வளைக்காமல். கடைசி நிமிடத்தில் வேகமாகச் சொல்லி முடிக்கும் திருத்தம் தவறைக் கேட்ட ஆளுக்குப் போய்ச் சேராது.

ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதி விதி. நீங்கள் அதற்கு மேலும் வையுங்கள், தேதியும் பொருளும் பெயராகப் போட்டு இரண்டு இடத்தில் சேமித்து. கூடவே ஒரு நோட்டில் பதில் கிடைக்காத கேள்விகளைத் தனியாக எழுதி வாருங்கள், கேட்டவர் எந்த ஊர் என்பதோடு. மறுநாள் பொருள் தேடும் ஆள் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.